யார் வைத்த பெயர்?

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வெள்ளை மாளிகைக்கும் போனது. அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாவின் தாய் கான்சாஸில் பிறந்த வெள்ளையர், தந்தை கென்யாக்காரர். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறித்துக்கொள்ளலாம் என்ற வசதி 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் அதிபர் ஒரே ஒரு கட்டத்தில்தான் டிக் அடித்தார். அந்தக் கட்டத்துக்கு எதிரே அச்சாகியிருந்த வரி: 'கறுப்பர், ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லது நீக்ரோ.'

ஒரே மக்களுக்கு ஒரே வரியில் மூன்று பெயர்கள். மூன்றாவதைப் பார்த்துப் பலருக்குக் கோபம் வந்தது. நாட்டை ஆள்பவரே கறுப்பர், அரசாங்கப் படிவத்தில் இன்னுமா 'நீக்ரோ' என்று கேட்டார்கள். கணக்கெடுப்புத் துறையிடமும் ஒரு நியாயம் இருந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,000க்கும் மேற்பட்டோர் தங்கள் கைப்பட அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதியவர்களில் சிலர் இன்னும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள் என்றது துறை. 2013இல் ஒருவழியாக அந்தச் சொல்லைக் கைவிட்டார்கள். 2016இல் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம், மத்தியச் சட்டப் புத்தகங்களில் மிச்சமிருந்த 'நீக்ரோ', 'ஓரியன்டல்' போன்ற சொற்களையும் துடைத்தது. பிரதிநிதிகள் சபையில் அதற்கு 376 பேர் ஆதரவு. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை.

நம் பத்திரிகைகளும் பல்லாண்டுகள் 'நீக்ரோ' என்றுதான் எழுதின. அந்தக் காலத்துக்கு அது பிழையல்ல. 1963இல் வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் முன் பேசிய மார்ட்டின் லூதர் கிங்கே தன் மக்களை அந்தப் பெயரால்தான் அழைத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மேடையில் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் கூட்டம் முகம் சுளித்திருக்கும்.

இதற்கு உளவியலாளர் ஸ்டீவன் பின்கர் தரும் விளக்கம் பிரபலமானது. ஒரு மக்களைப் பற்றிய மனப்பான்மை மாறாதவரை, எந்தப் புதுச் சொல்லைக் கொண்டுவந்தாலும் பழைய அழுக்கு அதிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். உடனே இன்னொரு சொல் தேட வேண்டும், ஓட்டம் நிற்காது என்கிறார் அவர். கழிப்பறைக்கு நாம் வைத்த பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான் என்று படும். ஆனால் அமெரிக்கக் கறுப்பர்களின் கதையை இது பாதிதான் விளக்குகிறது. அங்கே சொற்கள் தேய்ந்து மாறவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தலைமுறை தெரிந்தே கீழே போட்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் தங்களை 'ஆப்பிரிக்கர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். 1787இல் பிலடெல்பியாவில் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயரில் அந்தச் சொல் உண்டு. 1816இல் பிறந்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் பெயரிலும் உண்டு. அதே 1816இன் கடைசியில் வெள்ளையர்கள் சிலர் ஒரு கழகம் தொடங்கினார்கள். அதில் அடிமைகளை வைத்திருந்த பெரும்புள்ளிகளும் இருந்தனர். விடுதலை பெற்ற கறுப்பர்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். லைபீரியா என்ற நாடு உருவானது இப்படித்தான். அடுத்த மாதமே பிலடெல்பியா தேவாலயத்தில் ஏறத்தாழ 3,000 கறுப்பர்கள் கூடி, நாங்கள் எங்கும் போக மாட்டோம் என்று எதிர்த்தார்கள். தங்களை ஆப்பிரிக்கர் என்று தாங்களே சொல்லிக்கொண்டால், அப்படியானால் அங்கேயே போ என்பார்கள் என்ற பயம் வந்துவிட்டது. சங்கங்களின் பெயர்ப் பலகைகளிலிருந்து அந்தச் சொல் மெல்ல இறங்கியது. அந்த இடத்தில் 'நிறத்தவர்' என்ற பொருள்படும் 'கலர்ட்' ஏறியது. 1909இல் தொடங்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் பெயரில் உள்ள 'சி' அதுதான். இன்றும் அதை மாற்றவில்லை.

அந்த அமைப்பின் 'தி கிரைசிஸ்' இதழை நடத்திய டு பாய்ஸ் 'நீக்ரோ'வின் பக்கம் நின்றவர். 1928இல் ஒரு பள்ளி மாணவன் அவருக்குக் கடிதம் எழுதினான். எங்கள் இதழே எங்களை நீக்ரோ என்று எழுதலாமா, அது வெள்ளையர் வைத்த இழிபெயர் அல்லவா என்பது அவன் கேள்வி. பெயரை மாற்றினால் நிலைமை மாறிவிடாது, பெயரைத் தலைநிமிர்ந்து சொல் என்ற தொனியில் பதில் எழுதினார் டு பாய்ஸ். ஆனால் அவர் பெயர் விஷயத்தில் அலட்சியமானவர் அல்ல. அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் இந்தச் சண்டையின் சூடு நமக்கு எளிதில் உறைக்காது. ஐரிஷ்காரருக்கும் இத்தாலியருக்கும் பெரிய எழுத்து, கறுப்பருக்கு மட்டும் நாயையும் நாற்காலியையும்போலச் சின்ன எழுத்து என்றால் எரிச்சல் வராதா? 'நியூயார்க் டைம்ஸ்' 1930 மார்ச்சில் இறங்கி வந்தது. 'பிளாக்' என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்து கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் அந்த ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மாறியது, பத்திரிகைகளும் பின்தொடர்ந்தன.

அச்சில் பெரிய எழுத்து வந்தாலும் தெருவில் விளி மாறவில்லை. அமெரிக்கத் தெற்கில் தலைநரைத்த கறுப்பரையும் வெள்ளைக்காரச் சிறுவன் 'பாய்' என்றுதான் கூப்பிடுவான். மிஸ்டர், மிஸ், மிஸஸ் எல்லாம் வெள்ளையருக்கு மட்டும். 1963 ஜூனில் அலபாமாவின் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற உரிமைப் போராளி சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று தொடங்கினார். சரியாக விளித்தால் ஒழியப் பதில் சொல்ல மாட்டேன் என்றார் அவர். நீதிபதி சொல்லியும் அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். வழக்கு வாஷிங்டன் வரை போனது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிடுவதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது! பேரன் வயதுள்ளவன் பெரியவரைப் பெயர் சொல்லி 'வாடா போடா' என்று கூப்பிடும் ஊர்களை அறிந்த நமக்கு இந்த வழக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சொல் எது என்பது ஒரு பக்கம். யார், யாரை, எந்தத் தைரியத்தில் அழைக்கிறார் என்பதே பெரிய பக்கம்.

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1966 ஜூனில் மிசிசிப்பியின் கிரீன்வுட் நகரில் இளம் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் 'பிளாக் பவர்' என்று முழங்கினார். அதுவரை ஒரு கறுப்பரை 'கறுப்பன்' என்பது வசை. கறுப்பர் வீடுகளிலேயே பிள்ளைகள் சண்டையில் வீசிக்கொள்ளும் வசை. அதை எடுத்து மார்பில் குத்திக்கொண்டது புதிய தலைமுறை. 1968இல் ஜேம்ஸ் பிரவுன் அதைப் பாட்டாக்கி நாடு முழுக்க முணுமுணுக்க வைத்தார். அதே ஆண்டு எடுத்த கருத்துக்கணிப்பிலும் கறுப்பர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் 'நீக்ரோ'வையே விரும்பினார்கள். 1974க்குள் பெரும்பான்மை 'பிளாக்' பக்கம் வந்துவிட்டது. 1926இல் வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் தொடங்கிய 'நீக்ரோ வரலாற்று வாரம்', 1976இல் 'கறுப்பர் வரலாற்று மாதம்' ஆனது. ஆறேழு ஆண்டுகளில் ஒரு பெயர் இப்படிக் கவிழ்ந்தது அழுக்கு ஒட்டியதால் அல்ல. வெள்ளையர் மரியாதையாகக் கருதி வழங்கிய சொல்லைத் தள்ளிவிட்டு, அவர்கள் இழிவாகக் கருதிய சொல்லை எடுத்துக்கொள்வதிலேயே அந்தத் தலைமுறையின் அரசியல் முழுவதும் இருந்தது.

1988 டிசம்பரில் சிகாகோவில் கறுப்பர் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்ற பெயரை முன்வைத்தார். இத்தாலிய அமெரிக்கருக்கு ஒரு மண் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் நிறம் என்பது அவர் வாதம். 1816க்குப் பின் பயந்து கைவிட்ட பெயர் பயம் தெளிந்து திரும்பி வந்தது என்றும் இதைப் பார்க்கலாம். ஆனால் முந்தைய பெயரை அது விரட்டவில்லை. இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேலப் நிறுவனம் கேட்டபோதெல்லாம், எதுவானாலும் சரி என்பதே பெரும்பான்மையோர் பதில்.

இங்கிலாந்தில் 'கலர்ட்' இன்று பதவியையே பறிக்கும் சொல். 2020 நவம்பரில் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க், நாடாளுமன்றக் குழுவிடம் கறுப்பின வீரர்களை அப்படிக் குறிப்பிட்டார். அன்றைக்கே பதவி விலகினார். அதே சொல் தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் இனப்பெயர். அமெரிக்காவிலோ 'கலர்ட் பீப்பிள்' என்றால் குற்றம், 'பீப்பிள் ஆஃப் கலர்' என்றால் நாகரிகம். வெளியாளுக்கு இது கேலிக்கூத்தாகப் படும். முன்னது கழிப்பறைக் கதவிலும் குடிநீர்க் குழாயிலும் 'இது உனக்கு' என்று எழுதித் தொங்கிய பலகை. பின்னது, வெள்ளையரல்லாத பல இனத்தார் சேர்ந்து நிற்கத் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர். ஆனாலும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பழக்கத்தில் பழைய சொல்லைச் சொன்னால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் காலத்தில் அதுதான் மரியாதை.

அச்சில் எழுதக் கூசி 'என்-வேர்ட்' என்று மட்டும் சொல்லும் அந்த இன்னொரு வசைச்சொல்லின் கணக்கு வேறு. அது எந்தக் காலத்திலும் மரியாதையாக இருந்ததில்லை. 2007இல் டெட்ராய்ட்டில் என்.ஏ.ஏ.சி.பி. அதற்குச் சவப்பெட்டி வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியது. 2011இல் ஒரு பதிப்பகம், மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் 219 இடங்களில் வரும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது. வேண்டாத வேலை. அந்த ஊர் அப்படித்தான் பேசியது என்று காட்டத்தான் ட்வைன் எழுதினார். திருத்திய பதிப்பில் ஊர் நல்ல ஊராகிவிடுகிறது.

மேலிருந்து இறக்கும் நல்ல பெயரும் நிற்பதில்லை. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லாத சொல் வேண்டும் என்று 'லத்தீன்எக்ஸ்' என்பதைப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் பரப்பின. 2020இல் பியூ ஆய்வு மையம் அந்த மக்களிடமே கேட்டது. அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 3 சதவீதம். நாம் விடாமல் எழுதிவரும் 'செவ்விந்தியர்' விஷயமும் பார்க்க வேண்டியது. அதேபோல அவர்களின் தோல் நிறத்தைச் சொல்லும் ஒரு பெயரைத் தாங்கிய வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி, மாற்றவே மாட்டோம் என்று அடம்பிடித்து, விளம்பரதாரர்கள் நெருக்கியதும் 2020இல் கைவிட்டது. ஆனால் 'அமெரிக்க இந்தியர்' என்ற பெயரை அந்த மக்களில் பலர் இன்றும் மனமுவந்து சொல்லிக்கொள்கிறார்கள். அதைவிட நவஹோ, லக்கோட்டா என்று குலத்தின் பெயரால் அழைப்பதே அவர்களுக்கு உவப்பு.

தொடக்கத்தில் பார்த்த கணக்கெடுப்புப் படிவத்தில் நம்மவருக்கும் ஒரு கட்டம் இருந்தது. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு அமெரிக்கா வைத்திருந்த இனப்பெயர் 'இந்து'. சீக்கியரும் இந்து, முஸ்லிமும் இந்து. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய சீக்கியரான பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டு வழக்காடினார். குடியுரிமைச் சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டுமே இடம் வைத்திருந்ததால், நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது அவர் வாதம். சாதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை எடுத்துச் சென்ற பெருமை நமக்கு உண்டு. 1923இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1970 கணக்கெடுப்பில் கேட்காமலேயே இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்தார்கள். இம்முறை இந்தியர்களே வேண்டாம் என்று வாதாடி, 1980இல் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக் கட்டம் பெற்றார்கள்.

அரபு மக்கள் அந்த வழியில் இப்போதுதான் வருகிறார்கள். 1915இல் ஜார்ஜ் டவ் என்ற சிரியக் குடியேறி, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தான் வெள்ளையரே என்று வென்றார். மத்தியக் கிழக்கிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் பின்னர் அரசுக் கணக்கில் வெள்ளையராகவே எண்ணப்பட்டார்கள். விமான நிலையச் சோதனை வரிசையில் யாரும் அவர்களை வெள்ளையராகப் பார்ப்பதில்லை. ஆனால் நோய், வேலை, படிப்பு பற்றிய புள்ளிவிவரங்களில் மட்டும் வெள்ளையருக்குள் கரைந்து காணாமல் போனார்கள். பல பத்தாண்டுகள் அவர்களுடைய அமைப்புகள் மனுப் போட்ட பிறகு, 2024 மார்ச்சில் அவர்களுக்கும் தனிப் பிரிவு அறிவிக்கப்பட்டது.