கணிப்பொறியில் ஒலிக்குறிகள்

மொழிகளின் ஒலிகளைப் பிறழாது எழுதும் பொருட்டுப் பன்னாட்டு ஒலிக்குறி முறை 1888-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பெற்றது. களத்தில் பேச்சைக் கேட்டுக் குறிப்போரும் உச்சரிப்பைக் கற்பிக்கும் ஆசிரியரும் அதனைக் கையால் எழுதுவதில் இடர் ஏதும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் வந்த வீட்டுக் கணிப்பொறிகளிலோ, ஆங்கில எழுத்துக்களும் எண்களும் வேறு சில அடையாளங்களுமே நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஒலிக்குறி வேண்டுவோர் தாமே அதனை வரைந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

பிரிட்டிஷ் பள்ளிகளிற் பெரிதும் பயன்பட்ட பி.பி.சி. மைக்ரோ (1981) என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் திரையில் ஓர் எழுத்து, எட்டு வரிசையும் வரிசைக்கு எட்டுப் புள்ளியும் கொண்ட கட்டத்துள் அமையும். புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என மதிப்பு உண்டு. ஒளிர வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அவ்வரிசைக்குரிய எண் கிடைக்கும். நடு உயிரொலியின் குறி, ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய 'ஈ'யைத் தலைகீழாகத் திருப்பினாற் போன்றது. அதன் எண்கள் 0, 0, 60, 6, 126, 102, 60, 0. 'வி.டி.யு. 23' என்னும் கட்டளையால் இவற்றை 224 என்ற குறியெண்ணுக்கு வழங்கிவிட்டால், அவ்வெண் வருமிடமெல்லாம் அக்குறி தோன்றும். சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் (1982) கருவி இத்தகைய குறிகள் 21-க்கு இடமளித்தது. உயிரெழுத்தின் மேல் மூக்கொலி அடையாளத்தையும் இடுவதற்கு எட்டுப் புள்ளி உயரம் நெருக்கமான இடமே.

திரை அறிந்ததை அச்சுப்பொறி அறியாது. எப்சன் வகைப் புள்ளி அச்சுப்பொறியில் ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அவை பக்கவாட்டில் நகர்ந்து நிரல் நிரலாகக் குத்திச் செல்லும். ஆகவே கிடைவரிசைப்படி கணித்த எண்களை நெடுநிரற்படி மீண்டும் கணித்தல் வேண்டும். மேலூசிக்கு 128 எனக் கொண்டால், முற்கூறிய குறியே 0, 12, 46, 42, 42, 62, 28, 0 என மாறும். ஐயமுள்ளோர் கட்டத்தாளில் வரைந்து பார்க்கலாம்.

இதனினும் பெரிய இடர் வேறொன்று. ஒருவர் 224-ஐ நடு உயிரொலிக்கு வைத்தால், மற்றொருவர் அதனையே மூக்கொலிக்கு வைப்பார். சொற்பட்டியல் அடங்கிய தகடு இடம் மாறியதும் ஒலிகள் மாறிப்போகும். பிழை நேர்ந்ததென்று காட்டும் அடையாளமும் இராது. 1980-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வகுத்த சாம்பா முறை, விசைப்பலகையில் உள்ள அடையாளங்களையே ஒலிகளுக்கு வழங்கி இவ்விடரைத் தவிர்த்தது. நடு உயிரொலிக்கு அதில் விலைக்குறிப்பில் வழங்கும் 'அட்' குறி. 1991-இல் வெளியான யூனிகோடு அவ்வொலிக்குறிக்கு 601 என்னும் எண்ணை நிலையாக அளித்தது. பழைய கோப்பிலுள்ள 224-ஐ 601 ஆக மாற்ற வேண்டுமாயின், அன்று வழங்கிய எட்டு எண்களோ, அன்று அச்சிட்ட தாளொன்றோ கையில் இருத்தல் வேண்டும்.