திரைப்படத்தின் சந்தி இலக்கணம்

சொல்லோடு சொல் சேருமிடத்தைத் தமிழிலக்கணம் தனியே எடுத்து ஆராய்ந்தது. நிலைமொழியும் வருமொழியும் மாற்றமெதுவுமின்றிச் சேருதல் இயல்பு புணர்ச்சி. சேருமிடத்தில் ஓரெழுத்துப் புதிதாகத் தோன்றினும், இருந்த எழுத்து வேறொன்றாகத் திரியினும், கெட்டு மறையினும் அது விகாரப் புணர்ச்சி. மாணவர் பலர் இப்பகுதியை மனனத்துக்குரிய சுமையென்றே கருதுவர். ஆனால், 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் இடையே நிற்பது ஒரேயோர் ஒற்றுத்தான். முன்னது தொழில் கேட்கிறது. பின்னது ஆயுதம் கேட்கிறது. சேருமிடத்தில் நிகழும் சிறு மாற்றம் பொருளையே மாற்றிவிடும்.

திரைப்படத்துக்கும் இத்தகையதோர் இலக்கணம் உண்டு. ஒரு காட்சித் துண்டு முடிந்த கணத்திலேயே மறு துண்டு தொடங்கின் அது வெட்டு; இயல்பு புணர்ச்சி போன்றது. காட்சி படிப்படியாக இருளில் மறைதல், இருளினின்றும் தோன்றுதல், ஒன்று கரைய அதன் மீதே மற்றொன்று உருப்பெறுதல் ஆகிய மூன்றும் விகாரத்தின் பாற்படும். இவற்றை முறையே 'ஃபேட் அவுட்', 'ஃபேட் இன்', 'டிசோல்வ்' என்று படத்தொகுப்பாளர் வழங்குவர். மறைவு, தோற்றம், கரைவு என நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வித்தை சினிமாவுக்கும் முற்பட்டது. 19ஆம் நூற்றாண்டிலே கண்ணாடிச் சித்திரங்களைத் திரையிற் காட்டிவந்த மாயவிளக்குக்காரர், இரண்டு விளக்குகளை ஒரே திரையை நோக்கி வைத்து, ஒன்றின் ஒளியைக் குறைத்துக்கொண்டே மற்றதன் ஒளியைக் கூட்டினர். கோடைகாலத்துக் கிராமம், பார்த்திருக்கும்போதே பனி மூடிய கிராமமாயிற்று. பாரிஸ் நகரில் மந்திரவித்தை அரங்கு நடத்திய ஜோர்ஜ் மெலியே இதனைச் சலனப்படத்துக்குக் கொண்டுவந்தார். 1899இல் அவர் எடுத்த 'சின்டரெல்லா'விலும், 1902இல் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' என்ற படத்திலும் ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்குக் கரைவின் வழியே செல்கிறோம். அன்று கமராவின் ஒளித்துவாரத்தை மெல்ல மூடி, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த காட்சியின் முன் வைத்து மெல்லத் திறக்கவேண்டும். சுருளின் அதே பகுதியில் இரு காட்சிகளும் பதியும். கை தவறினால் இரண்டும் பாழ்.

பின்னர் ஒளியியல் அச்சுப்பொறி வந்து இவ்வேலையை ஆய்வுகூடத்துக்கு மாற்றியது. அப்போதும் ஒவ்வொரு கரைவுக்கும் பணமும் காலமும் செலவாயின. பிரதி எடுப்பதனாற் படத்தின் தெளிவும் சற்றுக் குன்றியது. ஆகவே, 'இது இங்கே வேண்டுமா?' என்று கேட்டே செய்யவேண்டியிருந்தது. இன்றோ கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரு விரல் தீண்டலில் முடிந்துவிடுகிறது. செலவு ஒழிந்தது, அதனோடு அந்தக் கேள்வியும் ஒழிந்துவிட்டதோ என்பதே நம் ஐயம்.

செய்முறை கடினமன்று. விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்று கொள்வோம். ஒரு விநாடிக் கரைவில், செல்லும் துண்டின் பங்கு படத்துக்குப் படம் குறைந்து வர, வரும் துண்டின் பங்கு அவ்வளவே கூடும். இக்கரைவை வெட்டின் இருபுறமும் சமமாக அமைப்பதாயின், செல்லும் துண்டில் வெட்டுக்குப் பின்னே 12 படங்களும், வரும் துண்டில் வெட்டுக்கு முன்னே 12 படங்களும் மிச்சமிருத்தல் வேண்டும். இல்லையேல் சில மென்பொருள்கள் கடைசிப் படத்தையே நிறுத்திக் காட்டும். ஓடிக்கொண்டிருந்தவன் கல்லாய் நிற்பான். ஆதலின் ஒவ்வொரு காட்சியையும் தேவைக்குச் சில விநாடிகள் முன்னே தொடங்கிப் பின்னே முடித்துப் படமெடுப்பது நன்று.

ஒலிக்கும் இது பொருந்தும். ஆனால் கணக்கு வேறு. தொடர்பற்ற இரண்டு ஒலிகளின் வீச்சையும் நடுவிற் பாதியாக்கினால், அவற்றின் கூட்டுச் சக்தியும் பாதியாகிவிடும். காதில் ஒரு பள்ளம் தட்டும். ஆகவே நடுவில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஏறத்தாழ 70 என்ற அளவில் நிற்குமாறு வளைவாகக் குறைத்துக் கூட்டுவர்.

இவ்வளவும் கைத்திறன். பொருள் எங்கே? கரைவையும் மறைவையும் கண்டவுடன், 'காலம் கடந்தது' அல்லது 'இடம் மாறியது' என்று பார்ப்போர் கொள்வர். ஓர் உணவு மேசையில் இருவர் உரையாடுகையில் நடுவே ஒரு கரைவை வைத்தால், மணி ஒன்று கழிந்ததென்றே நினைப்பர். அங்கே கழிந்தது அரை விநாடியாயின், வேண்டாத இடத்தில் ஒற்று மிகுந்த கதைதான்.

பெருங்கலைஞர் இப்பொருளை அறிந்தே ஆண்டனர். ஓர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' 1941இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்திலே பெருமாளிகையொன்றை நெருங்கும் காட்சிகள் ஒன்றிலொன்று கரைகின்றன. ஒளியுள்ள யன்னல் மட்டும் திரையில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிறது. எல்லாம் மாற, ஒன்று மாறாதிருக்கின்றது. 1960இல் வந்த ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ'வில், குளியலறைக் கொலையின் பின் நீர் சுழன்றோடும் வடிதுளை கரைந்து, இறந்தவளின் கண்ணாகிறது. ஜப்பானியரான ஒசு, 1953இல் எடுத்த 'டோக்கியோ கதை'யில் இவற்றை அறவே தவிர்த்தார். வெட்டும், இடையிடையே ஆளற்ற தெருவோ புகைபோக்கியோ காட்டும் ஓர் அமைதியான காட்சியுமே அவருக்குப் போதுமாயிருந்தன.

யாவற்றினும் வியப்பானது, போலந்து நாட்டவரான கிஷ்லோவ்ஸ்கி 1993இல் தந்த 'நீலம்'. விபத்தொன்றிற் கணவனையும் மகளையும் இழந்தவள் அதன் நாயகி. அவளோடு ஒருவர் பேசும்போது திரை இருள்கிறது, இசை எழுகிறது. ஒளி திரும்பும்போது நாட்கள் கழிந்திருக்கும் என எதிர்பார்க்கிறோம். அதே இடம், அதே கணம். வெளியே காலம் அசையவில்லை. துயரம் அவளை உள்ளே இழுத்துச் சென்று மீண்டது. மறைவுக்கு ஒரு பொருள் வழங்கிவந்தமையாலேயே இம்மீறல் நம்மைத் தாக்குகிறது. கண்ட கண்ட இடமெல்லாம் மறைவைத் தூவிய படத்தில் இந்தத் தாக்கம் பிறவாது.

இது கற்பனைக் கதைக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. ஆவணப்படத்தில் முதியவர் ஒருவர் தம் அநுபவத்தைச் சொல்கிறார். நடுவே நான்கு வாக்கியங்களை நீக்குகிறோம். நேராக வெட்டின் அவர் தலை துள்ளும். ஏதோ விடுபட்டதெனப் பார்ப்போர் அறிவர். கரைவும் அதனையே பணிவோடு தெரிவிக்கும். ஆனால் இன்றைய மென்பொருள்களுட் சில, இரு முகங்களுக்குமிடையே எடுக்கப்படாத முகங்களைக் கணித்து உருவாக்கி, வெட்டே நிகழாததுபோற் காட்டவல்லன. நீங்கிய வாக்கியங்களில் ஓர் 'ஆனால்' இருந்திருப்பின், அவர் சொல்லாத கருத்தை அவர் வாயாலேயே சொல்வித்தவராவோம். இணைப்பு மிக வழவழப்பாயிருப்பதே அங்கே குற்றம்.

பாடசாலைகளிலும் இளைஞர் மன்றங்களிலும் குறும்படம் எடுக்கும் மாணவர் இன்று பலர். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள், கருவியைக் கற்பிக்கும்போதே இதனையும் கற்பித்தல் நலம். முதலில் வெட்டுகளால் மட்டும் படம் முழுவதையும் தொகுத்துப் பார்க்கட்டும். பின்னர், எங்கே காலம் உண்மையாகவே கழிகிறது, எங்கே ஒரு நினைவு மற்றொன்றிற் படிகிறது எனக் கேட்டு, அவ்விடங்களில் மட்டும் கரைவை இடட்டும். மோசமாக எடுத்த காட்சியை மூடுவதற்கே அது தேவைப்படுமாயின், அக்காட்சியை மீண்டும் எடுப்பதே முறை. ஒற்று மிகுமிடம் அறிந்தவனுக்கு மிகாவிடமும் தெரிந்திருக்கவேண்டும்.