கான்ஸ்டான்டிநோபிள் வரை நடந்த வாலிபர்

1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், லண்டன் நகரத்துக் கோபுரப் பாலத்தின் அருகே நின்ற சிறிய டச்சுக் கப்பல் ஒன்றில் 18 வயது வாலிபர் ஒருவர் ஏறினார். பேட்ரிக் லீ ஃபெர்மர் என்பது அவர் பெயர். ஹாலந்து தேசத்துக் கரையில் இறங்கி, ரைன் நதியையும் டான்யூப் நதியையும் துணையாகக் கொண்டு, ஐரோப்பாக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து, கான்ஸ்டான்டிநோபிள் வரையில் நடந்தே போய்ச் சேர்வது என்பது அவருடைய சங்கற்பம். முதுகில் ஒரு பை. அதனுள் ஆங்கிலக் கவிதைத் திரட்டு ஒன்றும், பண்டை ரோமானியக் கவியாகிய ஹொரேஸின் பாடல்கள் அடங்கிய தொகுதி ஒன்றும். செலவுக்கு வாரம் ஒரு பவுன். இவைதாம் அவருடைய ஆஸ்தி. 1935ஆம் ஆண்டு பிறக்கும் தறுவாயில் அவர் அந்த நகரை அடைந்துவிட்டார். ஆனால் அந்த யாத்திரையைப் பற்றிய முதல் நூல் வெளிவந்தது 1977ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 62.

ஊர் ஊராகத் திரிய வேண்டும் என்ற தாகமும், கண்டதை எழுத வேண்டும் என்ற தாகமும் இரட்டைப் பிறவிகள் என்றே பலரும் கருதுகிறார்கள். புதிய தேசங்களைப் பார்த்தவனுக்கு எழுத்து தானாகவே ஊறிவரும் என்று நம்பி, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் புறப்படுகிற இளைஞர்கள் இன்றைக்கும் எத்தனையோ பேர். லீ ஃபெர்மரின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினால் அந்த இரண்டும் வெவ்வேறு சக்திகள் என்பதும், முதலாவது ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் அவரிடம் பூர்த்தியாகிவிட, இரண்டாவது தன் காலம் கனிவதற்கு ஏறக்குறைய ஓர் ஆயுள் முழுவதையும் எடுத்துக்கொண்டது என்பதும் விளங்கும். அவரைப் பற்றி இங்கே எழுதத் தூண்டியது அந்த நீண்ட இடைவெளிதான்.

அவருடைய தந்தை லூயிஸ் லீ ஃபெர்மர் பூகர்ப்ப சாஸ்திரி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி அதன் தலைமைப் பதவிக்கு உயர்ந்தவர். மத்திய மாகாணத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒரு தாதுவுக்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தாய் தந்தையர் இந்தியாவில் இருக்க, குழந்தையோ இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பொறுப்பில் நான்கு வயது வரை கட்டுக்காவலின்றி வளர்ந்தது. பிற்பாடு எந்தப் பள்ளிக்கூடமும் அந்தப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. கடைசியாகப் படித்த பள்ளியிலிருந்து, காய்கறிக் கடைக்காரர் ஒருவருடைய மகளின் கையைப் பற்றியபடி உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக விலக்கப்பட்டார். ராணுவத்தில் சேர்வதற்கான ஆயத்தமும் சலித்துப்போன நிலையிலேயே இந்த யாத்திரை அவர் சித்தத்தில் உதித்தது.

பனி மூடிய பாதையில் நாள் முழுவதும் தனியாக நடக்கிறவனுடைய மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அவரைப் போல விரிவாகச் சொன்னவர்கள் சொற்பம். பேச்சுத் துணை இல்லாத வேளைகளில் அவர் தமக்கு மனப்பாடமான கவிதைகளையெல்லாம் உரக்க ஓதிக்கொண்டே நடந்தார். ஷேக்ஸ்பியர், கீட்ஸ், பிரெஞ்சுக் கவிகள், லத்தீன் கவிகள் என்று அவர் தரும் பட்டியல் அவருடைய நூலில் பக்கக் கணக்கில் நீள்கிறது. நடையின் தாளமும் செய்யுளின் தாளமும் ஒன்றோடொன்று இசைந்து செல்ல, கண்ணுக்கு எதிரே ரைன் நதியின் படகுகளும் கோட்டைகளும் கடந்து போக, பார்ப்பதும் படித்ததும் கலந்து உள்ளத்தில் இறங்கின. விடுதலையாகத் திரிகிற மனம் வெறுமையாக இருந்தால் மட்டுமே அதில் கற்பனை புகும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. நிறைந்த மனத்தோடு நடந்ததனாலேயே இந்த வாலிபருக்கு ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒன்றை ஞாபகப்படுத்திற்று. அவ்வாறு ஞாபகப்படுத்தியதனாலேயே அந்த ஊர் அவர் மனத்தில் நிலைத்தும் நின்றது.

ஹொரேஸை நெட்டுருப் பண்ணிய அந்தப் பழக்கம் பத்தாண்டுகளுக்குப் பின் எதிர்பாராத ஓர் இடத்தில் பயன்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944 ஏப்ரலில், கிரீட் தீவில் ஜெர்மானியத் தளபதி கிரைப்பே என்பவரை லீ ஃபெர்மரும் தோழர்களும் சிறைப்பிடித்து மலைவழியே கொண்டு சென்றார்கள். விடியற்காலையில் ஐடா மலையின் பனிச் சிகரத்தைக் கண்ட தளபதி தமக்குள் ஒரு லத்தீன் வரியை முணுமுணுக்க, அது ஹொரேஸின் பாடல் என்று அறிந்த லீ ஃபெர்மர் எஞ்சிய பாடலை இறுதிவரை சொல்லி முடித்தார். அதன் பிறகு பகைவர் இருவருக்குமிடையே உறவு வேறுவிதமாக அமைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

யாத்திரையின் தொடக்கத்திலேயே ஒரு பெருநஷ்டம் நேர்ந்தது. மியூனிக் நகரத்தில் இளைஞர் விடுதி ஒன்றில் அவருடைய பை களவுபோயிற்று. பணமும், கடவுச்சீட்டும், அதுவரை எழுதிவந்த நாட்குறிப்பும் அதனோடு போயின. பிரிட்டிஷ் தூதரகத்தார் கடனாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். அந்நகரத்தில் வசித்த ஒரு பிரபு, தொலைந்த ஹொரேஸுக்கு ஈடாகப் பழம்பதிப்பு ஒன்றை எடுத்து நீட்டியதோடு, வழியில் உள்ள தம் நண்பர்களுக்கெல்லாம் கடிதங்களும் எழுதினார். அதனால், ஒரு நாள் வைக்கோற்போரிலும் மறுநாள் மாளிகையிலும் உறங்குகின்ற விசித்திர வாழ்க்கை வாய்த்தது. வியன்னாவை அடைந்தபோது அங்கே உள்நாட்டுக் கலகம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கைப்பணம் தீர்ந்து, ரட்சணிய சேனையாரின் விடுதியில் தங்கியிருந்த அவருக்கு, அங்கே சிநேகிதரான வடகடல் தீவுக்காரர் ஒருவர் யோசனை சொல்ல, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, வீட்டிலுள்ளோரின் உருவங்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்துச் சில்லறை சம்பாதித்தார். ஓவியத்தில் அவர் தேர்ந்தவர் அல்லர். எனினும் அறிமுகமற்ற ஒரு முகத்தை எதிரே அமர்ந்து அரைமணி நேரம் உற்றுப் பார்க்கின்ற அந்தப் பயிற்சிக்கும், பிற்காலத்தில் தாம் சந்தித்த மனிதர்களின் உடை, மீசை, பேச்சு எல்லாவற்றையும் அவர் எழுத்தில் நிறுத்திய திறமைக்கும் சம்பந்தம் உண்டென்றே நான் நினைக்கிறேன்.

களவுபோன குறிப்புகளுக்குப் பிறகு எழுதியவற்றில், பச்சை நாட்குறிப்பு என்று வழங்குகிற நோட்டுப் புத்தகத்துக்குத் தனிச் சரித்திரமே இருக்கிறது. யாத்திரை முடிந்தபின் ஏதன்ஸ் நகரில் பாலாஷா கண்டகுஸீன் என்ற ருமேனிய ஓவியரை அவர் சந்தித்து, அவரோடு மால்டேவியாப் பிரதேசத்தில் அந்த அம்மையாருடைய குடும்பத்துப் பண்ணை மாளிகையில் வாழ்ந்து வந்தார். 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும் நோட்டுப் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் இரவு, கம்யூனிஸ்டு அரசினர் அக்குடும்பத்தை மாளிகையிலிருந்து வெளியேற்றினார்கள். ஒரு சிறு பெட்டி கொள்ளுமளவுக்குச் சாமான்களை எடுத்துக்கொள்ளத்தான் அவகாசம். பரம்பரைச் சொத்து அத்தனையையும் விட்டுப் பிரிகிற அந்த அவசரத்திலும், பத்தாண்டுகளுக்கு முன் பிரிந்துபோன நண்பருடைய பழைய நாட்குறிப்பை அந்த அம்மையார் பெட்டிக்குள் வைத்தார். 1965ஆம் ஆண்டில் ருமேனியாவுக்குச் சென்று அவரைத் தேடிக் கண்டுபிடித்த லீ ஃபெர்மரிடம் அது திரும்பி வந்தது. பயண எழுத்தின் சரித்திரத்தில் இதற்கு நிகரான நட்பை நான் படித்ததில்லை.

நாட்குறிப்பு திரும்பி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்து தொடங்கியிருந்தது. நடையின் இன்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 1960களின் தொடக்கத்தில் கேட்க, அவர் இளமைக்கால யாத்திரையை நினைவிலிருந்தே எழுதலானார். தொடக்கத்தில் சுருக்கமாக ஓடிய கட்டுரை, பல்கேரியாவை நெருங்கியதும் அணைகடந்து பெருகி ஒரு நூலளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, கிரீஸ் தேசத்தில் கார்டமிலி என்ற கடலோரக் கிராமத்தில் தாம் கட்டிய வீட்டில் அமர்ந்து, முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார். அடித்தும் திருத்தியும் எழுதுவதில் அவர் சளைக்காதவர். அச்சுப் பிழை திருத்தும் தாள்களிலேயே புதுப் பத்திகளை நுழைத்து அச்சகத்தாரைத் திணறவைப்பார். இப்படிப் பிறந்ததே 1977இல் வெளிவந்த முதல் பாகமாகிய ‘எ டைம் ஆஃப் கிஃப்ட்ஸ்’. இரண்டாம் பாகமாகிய ‘பிட்வீன் தி உட்ஸ் அண்ட் தி வாட்டர்’ 1986இல் வெளிவந்தது.

நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதியது எவ்வளவு தூரம் நிஜம் என்ற கேள்வி நியாயமானதே. ஹங்கேரியின் பெருஞ்சமவெளியைக் குதிரைமேல் கடந்ததாக அவர் வெகு அழகாக வர்ணிக்கிறார்; அங்கே சிறிது தூரம் குதிரையேறியது உண்மையானாலும், வர்ணித்த அளவுக்கு அன்று என்று பிற்காலத்தில் தம் சரித்திரத்தை எழுதிய ஆர்ட்டெமிஸ் கூப்பரிடம் ஒப்புக்கொண்டார். ஜப்பானியக் கவி பாஷோவிடமும் இத்தகைய சுதந்திரம் உண்டு. 1689ஆம் ஆண்டில் அவர் வடநாட்டு யாத்திரை செய்து, ஆண்டுக்கணக்காகச் செப்பனிட்ட நூலுக்கும், உடன் சென்ற சீடர் சோராவின் நாட்குறிப்புக்கும் பல இடங்களில் பொருத்தமில்லை. கவிதையோடு கலந்த பாஷோவின் உரைநடைக்கு அந்த உரிமை இயல்பாகவே பொருந்துகிறது. லீ ஃபெர்மர் விஷயத்தில், அவர்மீது எவ்வளவோ அபிமானம் இருந்தும், குதிரையைப் பற்றி வாசகருக்கு நூலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அந்த அத்தியாயத்தின் சோபை சிறிதும் குறைந்திராது.

ஆனால் காலதாமதத்தினால் மட்டுமே கிடைத்த உண்மைகளும் அவருடைய நூலில் இருக்கின்றன. மலைக்காட்டில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில், சத்து மாரே என்ற ஊரைச் சேர்ந்த யூத குரு ஒருவரும் அவருடைய குமாரர்களும் எபிரேய மொழியில் சங்கீதங்களைப் படித்துக் காட்ட, விளக்கொளியில் இரவு நெடுநேரம் அவர்களோடு அமர்ந்திருந்தார். 1944ஆம் ஆண்டில் அந்த ஊரின் யூதர்கள் கூண்டோடு மரணமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். டான்யூப் நதியின் நடுவே துருக்கியர் குடியிருந்த அடா கலே என்னும் தீவில் காப்பி அருந்தி, அவர்களுடைய தொழுகையைக் கேட்டார். 1970களின் தொடக்கத்தில் நதிக்குக் குறுக்கே எழுந்த பேரணையின் நீரில் அந்தத் தீவு மூழ்கிவிட்டது. திரும்பி வந்த உடனேயே எழுதியிருந்தால் இவை சுவையான பயணக் காட்சிகளாக மட்டும் இருந்திருக்கும். அந்த மனிதர்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை அறிந்த முதியவர் எழுதியபடியால், சிரிப்பும் விருந்துமாகச் செல்லும் பக்கங்களைப் படிக்கும்போதுகூட நம் நெஞ்சு கனக்கிறது.

இரண்டாம் பாகத்தின் இறுதியில், கதை இனி முற்றுப்பெறும் என்று வாக்களித்திருந்தார். அந்த மூன்றாம் பாகம் அவர் கையால் முடியவேயில்லை. 2011ஆம் ஆண்டில் தமது 96ஆம் வயதில் காலமானார். ஒதுக்கிவைத்திருந்த பழைய கையெழுத்துப் பிரதியைக் கூப்பரும் பயண எழுத்தாளர் காலின் தூப்ரானும் செப்பனிட்டு 2013இல் ‘தி புரோக்கன் ரோடு’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஏதோஸ் மலையின் மடங்களுக்குச் சென்று, ஒரு ருஷ்ய மடத்தில் தமது இருபதாவது பிறந்தநாளைக் கழித்த காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பும் அதே நூலின் முடிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. என்ன சாப்பிட்டார், எந்தத் துறவி அன்பாகப் பேசினார், பனியில் எப்படி வழிதவறினார் என்று அன்றன்றைக்கு எழுதிய எளிய வாக்கியங்கள் அவை. பிரயாணம் செய்து எழுத விரும்பும் இளைஞர்கள் முதலில் அந்தக் குறிப்புகளையும், அடுத்து 1977ஆம் ஆண்டு நூலின் முதல் அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் படித்துப் பார்ப்பது நல்லது. நாட்குறிப்பு எழுதிய பையனிடமிருந்து நூலாசிரியர் எதைப் பெற்றார், எதைத் தாமே சிருஷ்டித்தார் என்பதை வரிக்கு வரி அங்கே காணலாம்.