முகக்கவசமும் பினாங்கு மருத்துவரும்

நோயைத் தடுக்க முகத்தைத் துணியால் மூடும் முறை 2020 ஆம் ஆண்டில் தோன்றியதன்று. அதனைப் பரவச் செய்தவருள் முதன்மையானவர், 1879 ஆம் ஆண்டு பினாங்கிற் பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்ற மருத்துவர் ஊ லியன் தே ஆவார்.

1910 டிசம்பரில் சீன அரசு அவரை மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அங்கே பிளேக் என்னும் கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. எலித் தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்பும் என்பது அக்கால மருத்துவர் பலரின் கருத்து. ஊ லியன் தேயோ, இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்து ஆராய்ந்து, இது நுரையீரலைப் பற்றும் வகை என்றும், இருமலின் வழியே ஆளுக்கு ஆள் தொற்றுவது என்றும் கண்டார். பிரெஞ்சு மருத்துவர் மெனி இதனை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலே நோயாளரைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அந்நோயாலேயே மாண்டார். அதன்பின் முகக்கவசத்தை இகழ்வார் குறைந்தனர்.

அக்கவசம் எளியது. 9 அங்குல அகலமும் 3 அடி நீளமும் உள்ள காஸ் துணியை நீளவாக்கில் மடித்து, நடுவே 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் பஞ்சு வைக்கப்பெறும். இரு முனைகளும் மும்மூன்று வால்களாகக் கிழிக்கப்பட்டுத் தலையைச் சுற்றிக் கட்டப்பெறும். எனினும் கவசம் ஒன்றே நோயை ஒழித்ததன்று. நோயாளரைப் பிரித்து வைத்தலும், இரயில் பயணத்தைக் கட்டுப்படுத்தலும், பிணங்களை எரித்தலும் உடன் நடந்தன. ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட பின்னர் அந்நோய் அடங்கிற்று.

2020 மார்ச் 18 இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடைகளில் கவசம் அரிதானபோது, ஜார்ஜ் டவுனாயினும் பாலிக் புலாவாயினும், தையல் இயந்திரம் உள்ள வீட்டுக்கு அப்பழைய பாடம் பயன்படக்கூடியதாயிற்று. துணியின் இழைகளுக்கிடையே உள்ள துளை கிருமியினும் பெரிது. பின் அது தடுப்பது எவ்வாறு? கிருமி பெரும்பாலும் எச்சில் துளியில் ஏறியே வெளிவருகிறது. அத்துளி ஓர் அடுக்கைக் கடந்தாலும் அடுத்த அடுக்கில் மோதித் தங்கும். ஆகவே 2020 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் மூன்றடுக்குத் துணிக்கவசத்தைப் பரிந்துரைத்தது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவே நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் ஏற்காத பாலியஸ்டர்.

மிக நுண்ணிய துகள்களைத் துணி முற்றும் தடுக்காது. நோயாளரைப் பேணுவோருக்கு மருத்துவக் கவசமே தக்கது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதனையும் அணிவித்தலாகாது. தைப்போர் முதலில் கருத வேண்டியது அழகன்று, அளவு: மூக்கின் மேலும் கன்னத்தின் ஓரத்திலும் இடைவெளி இருப்பின், மூச்சு அவ்வழியே சென்றுவிடும். ஈரமானதை மாற்றி, நாள்தோறும் சோப்பும் வெந்நீரும் கொண்டு துவைத்தல் வேண்டும்.

ஊ லியன் தே 1960 ஜனவரியில் பினாங்கிலேயே காலமானார். மருத்துவர் மெனி மறுத்த சிறு துணியை, அதன்பின் 60 ஆண்டுகள் கழித்து அத்தீவினர் அணிய நேர்ந்தது.