பைக் சீட்டில் பூனை படுக்குதா? நீல பாட்டிலை நம்பும் முன் இந்தப் புதிரை விடுவிங்க!

ராத்திரி வாசலில் நிறுத்திய பைக். விடிஞ்சதும் எடுக்கப் போனால் சீட்டின் நடுவில் வட்டமாக ரோமம், ரெக்சினில் நாலு நகக்கோடு. அடுத்த நாளும் அதே இடம், அதே கோடு. ஸ்பாஞ்ச் வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் சீட் கவர் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இதுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. அதில் ரொம்பப் பிரபலம் நீல பாட்டில். பழைய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து வாசலில் வைப்பது. முதலில் நாய்க்காக வைத்தார்கள், பிறகு பூனைக்கும் அதே பாட்டில். "வெச்சதிலேர்ந்து ஒரு பூனையும் வரலைங்க" என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஆதாரம் ஆகுமா? அதற்குத்தான் ஒரு புதிர்.

புதிர்: எந்த அட்டையைத் திருப்புவீங்க?

கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி ஆலை ஷெட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நாலு பைக். காவலாளி ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை எழுதி மாட்டியிருக்கிறார். அட்டையின் ஒரு பக்கம் அந்த வண்டியில் பாட்டில் வைத்தாரா இல்லையா என்று இருக்கும். மறுபக்கம் அன்று ராத்திரி பூனை வந்ததா இல்லையா என்று இருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டும்:

முதல் வண்டி: பாட்டில் வெச்சது.
இரண்டாவது: பாட்டில் வைக்கலை.
மூன்றாவது: பூனை வந்துச்சு.
நாலாவது: பூனை வரலை.

காவலாளி அடித்துச் சொல்கிறார்: "பாட்டில் வெச்ச வண்டிக்குப் பூனை வராது." அவர் சொன்னது பொய்யா என்று கண்டுபிடிக்க எந்தெந்த அட்டையைத் திருப்பணும்? தேவையில்லாத ஒரு அட்டையைக்கூடத் தொடக் கூடாது. யோசிங்க, விடை கொஞ்சம் கீழே.

பூனைக்கு வண்டி மேல என்ன ஆசை?

சூடுதான். பூனையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேல். சுற்றுப்புறம் 30 முதல் 38 டிகிரி வரை இருந்தால்தான் உடம்பைச் சூடாக வைக்க அது தனியாகச் சக்தி செலவழிக்க வேண்டியதில்லை. நமக்கு வியர்த்து ஊற்றும் அளவு அதற்கு சுகம்.

இப்போது கல்வராயன் மலைக்கு வாங்க. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறி, 2,000 அடிக்கு மேல் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் போய் நிற்கும் வண்டியின் இன்ஜின் கொதித்துப்போய் இருக்கும். மார்கழிப் பனியில் அதைவிட நல்ல அடுப்பங்கரை பூனைக்கு எங்கே கிடைக்கும்? காராக இருந்தால் பானெட், பைக்காக இருந்தால் இன்ஜினுக்கு மேலே இருக்கும் சீட். கீழே கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலில் கதை தலைகீழ். அப்போது வண்டிக்கு மேலே ஏறாது, நிழலுக்காக அடியில் படுத்துக்கொள்ளும்.

சூடு போக இன்னும் இரண்டு காரணம் உண்டு. உயரத்தில் உட்கார்ந்தால் நாய் வருவது முன்னாடியே தெரியும். அடுத்தது நகம். பழைய நக உறையை உரிக்கவும், பாதத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனையைப் பதித்து "இது என் இடம்" என்று சொல்லவும் பூனை கீறும். நகம் நன்றாக இறங்கும் ரெக்சினும் ஸ்பாஞ்சும் அதற்கு ரொம்பத் தோது. உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை.

சரி, விடை

பெரும்பாலானவர்கள் ஒன்றையும் நாலையும் சொல்வார்கள். முதல் அட்டை சரி. பாட்டில் வைத்த வண்டிக்குப் பின்பக்கம் "பூனை வந்துச்சு" என்று இருந்தால் காவலாளி மாட்டினார். நாலாவதைத் திருப்பி என்ன பயன்? பூனை வராத வண்டியில் பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் சொன்னது உடையாது. திருப்ப வேண்டியது மூன்றாவது. பூனை வந்த வண்டியில் பாட்டில் இருந்ததா? இருந்தால் கதை முடிந்தது. ஆக, 1 மற்றும் 3.

தப்பாகச் சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-ல் வெளியிட்ட நாலு அட்டைச் சோதனையின் நம்ம ஊர் வடிவம்தான் இது. எழுத்தும் எண்ணும் போட்ட அட்டைகளை வைத்துக் கேட்டபோது பத்துக்கு ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நமக்குப் பிடித்த முடிவை ஆமோதிக்கும் அட்டையை நோக்கித்தான் கை போகிறது.

நீல பாட்டில் விஷயத்தில் நடப்பதும் இதுதான். பாட்டில் வைத்து பூனை வராத ராத்திரி மட்டும் நினைவில் நிற்கிறது. பாட்டிலை ஒட்டியே பூனை தூங்கிய ராத்திரியை "அன்னைக்கு நீலம் கம்மி" என்று தள்ளிவிடுகிறோம். பூனைக் கண்ணுக்கு நீலம் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படக் காரணம் எதுவும் இல்லை. ஜப்பானிலும் பூனையை விரட்ட வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டில் வைக்கும் பழக்கம் உண்டு. அங்கே தீயணைப்புத் துறையினர் வேறொரு எச்சரிக்கை தருகிறார்கள்: தெளிந்த தண்ணீர் நிரம்பிய பாட்டில் லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்துத் தீப்பற்ற வைக்கலாம். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பானேன்?

இதையெல்லாம் தொடாதீங்க

பாட்டிலாவது பூனையை ஒன்றும் செய்யாது. சீட்டுக்கு அடியில் போடும் ரசக்கற்பூரம் அப்படியில்லை. அந்த உருண்டைகளில் இருக்கும் நாப்தலின் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பினாயில் தெளிப்பதும் ஆபத்து. பினால் வகை வேதிப்பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும், உள்ளே போய்விடும். மிளகாய்த்தூள் பூனையின் கண்ணையும் பாதத்தையும் எரிக்கும். காலையில் வண்டி கிளம்பியதும் காற்றில் பறந்து ஓட்டுகிறவர் கண்ணிலும் விழும்.

விஷம் வைப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி, விலங்கை விஷம் வைத்துக் கொன்றாலோ முடமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெருப்பூனைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லையே என்று வாதாடினாலும், 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

அப்போ எதுதான் வேலை செய்யும்?

சூட்டையும் சீட்டையும் மறைப்பதுதான் முதல் வேலை. சைலன்சர் ஆறியதும் கவர் போட்டு, காற்றில் தூக்காத மாதிரி அடியில் இழுத்துக் கட்டுங்க. கவர் மேலேயும் பூனை படுக்கும், ஆனால் கீறல் கவரோடு போகும். கவர் வாங்க மனசில்லையா? மொட்டு மொட்டாக இருக்கும் பிளாஸ்டிக் மிதியடியை மொட்டு மேலே பார்க்க சீட்டில் போடலாம். குத்தாது, ஆனால் படுக்க வசதியாகவும் இருக்காது. தென்னை நார் மிதியடி மட்டும் வேண்டாம், பூனை நகம் தீட்ட அதைவிட அருமையான பொருள் கிடையாது!

அதே ஆசையை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வண்டிக்குத் தள்ளி ஒரு மூலையில் கட்டையைச் சுற்றிச் சாக்கு கட்டி வைங்க, பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் பழைய துணி போடுங்க. கீற இடமும் படுக்கச் சூடும் அங்கேயே கிடைத்தால் சீட்டைத் தேடி வருவது குறையும். மீன் கழிவை வண்டிப் பக்கம் கொட்டுவதையும் நிறுத்தணும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனை பூனைகளுக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் தோல் காய்ந்தால் வாசனை போச்சு. நம்பர் பிளேட்டில் தொங்கும் திருஷ்டி எலுமிச்சை பூனையை ஒன்றும் பண்ணாததற்கும் அதுதான் காரணம். மீயொலிக் கருவிகளுக்கு ஓரளவு பலன் உண்டு. ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டங்களில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் பூனைகளின் வருகை 46 சதவீதமும், தங்கும் நேரம் 78 சதவீதமும் குறைந்தன. குறைந்தனவே தவிர நிற்கவில்லை.

பூனையைப் பிடித்து வேறு ஊரில் விடுவது பெரும்பாலும் வீண். சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறொன்று வரும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான் என்பதால் குட்டிகளும் வேகமாகப் பெருகும். கருத்தடை பற்றி அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம். சேலம் போகும் வழியில் தலைவாசல் அருகே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

கரும்புத் தோட்டப் பக்கமோ மலையிலோ வண்டி அருகே நீண்ட கால், வளையமிட்ட குட்டை வால், மணல் நிறத்தோடு ஒன்று நின்றால் அது காட்டுப்பூனையாக இருக்கலாம். வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. விரட்டிப் பிடிக்கப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்க.

சாவியைத் திருப்பும் முன்…

சீட்டு கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். பானெட்டுக்குள் குட்டி இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் ஃபேனிலும் பெல்ட்டிலும் சிக்கிவிடும். இதற்காகவே நிசான் நிறுவனம் 2015-ல் ஜப்பானில் 'நெக்கோ பான் பான்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. நெக்கோ என்றால் பூனை, பான் பான் என்பது தட்டும் சத்தம். வண்டி எடுக்கும் முன் பானெட்டை நாலு தட்டு தட்டுங்க என்பதே செய்தி. மலையில் ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் இறங்குகிறவர்களுக்கு இது ரொம்ப அவசியம். ஸ்கூட்டராக இருந்தால் சீட்டைத் தட்டி, குனிந்து அடியிலும் பாருங்க.

உள்ளே பூனை இருந்தால் கையை விட்டு இழுக்காதீங்க. தள்ளி நின்றால் பெரும்பாலும் தானாக வெளியே வரும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, தடுப்பூசி அங்கே இலவசம்.

போகும் முன் இன்னொரு புதிர். கியர் பைக் ஓட்ட 18 வயசு ஆகணும். செக்போஸ்டில் நாலு பேர்: கியர் பைக்கில் வரும் ஒருவர், நடந்து வரும் ஒருவர், எதில் வந்தான் என்று தெரியாத 17 வயசுப் பையன், அதேபோல 40 வயசுக்காரர். போலீஸ்காரர் யார் யாரை விசாரிக்கணும்? இந்த முறை விடை சட்டென்று வந்திருக்கும்: பைக்கில் வருகிறவர், அப்புறம் அந்தப் பையன். அட்டைக் கணக்கும் இதே கணக்குதான்.