எஃகு முனையா, நெகிழி முனையா?

பிள்ளைகளுக்கு டார்ட்ஸ் பலகை வாங்க எண்ணும் பெற்றோர், பலகையைத் தேர்வதற்கு முன் அம்பின் முனை எத்தகையது என்று கேட்டறிதல் நன்று. முனை மாறினால் ஏனையவும் மாறும்.

எஃகு முனை அம்புக்குரிய பலகை, சைசல் எனும் கற்றாழை நாரை நெருக்கி அழுத்திச் செய்யப்படுவது. அம்பைப் பிடுங்கியதும் நார்கள் மீண்டும் நெருங்கித் துளையை மூடிக்கொள்ளும். ஆதலால் நல்ல பலகை நெடுநாள் உழைக்கும். நெகிழி முனைக்குரியதோ, சிறு துளைகள் நிறைந்த மின்னணுப் பலகை. எஃகு முனையை எறிந்தால் அது பழுதாகும். நார்ப்பலகையிலோ நெகிழி முனை தைத்து நில்லாது. இரண்டிலும் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். எறியும் தொலைவு எஃகுக்கு 2.37 மீட்டர், நெகிழிக்கு வழக்கமாக 2.44 மீட்டர்.

கணக்கெழுதிப் பழகிய எனக்கு, மதிப்பெண் இடும் முறையிலேதான் ஈடுபாடு அதிகம். 501 ஆட்டத்தில், மும்மூன்று அம்புகளாக எறிந்து, பெற்ற மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். எஃகு முனை ஆட்டத்தில் இறுதி அம்பு இரட்டைப் பகுதியில் தைத்து, மீதி சரியாகச் சுழியமாதல் வேண்டும். 40 எஞ்சியிருப்பின் இரட்டை 20-ஐக் குறிவைப்பர். தவறி ஒற்றை 20-இல் தைத்தால் அடுத்த இலக்கு இரட்டை 10. இக்கழித்தலை எஃகு முனை ஆட்டத்தில் மனத்தாலேயே செய்வது மரபு. மின்னணுப் பலகை அதைத் தானே செய்துவிடும். பட்டுக் கீழே விழுந்த அம்பையும் சில வேளைகளில் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நார்ப்பலகையில் தைக்காத அம்புக்கு மதிப்பெண் இல்லை.

எஃகு அம்பு தெறித்து விழுந்து காலில் தைக்கக்கூடும். ஆதலால் சிறுவர் உள்ள இல்லத்திற்கு நெகிழி முனையே ஏற்றது. ஆயினும் கண்ணில் பட்டால் அதுவும் ஊறு விளைக்கும், பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். பிள்ளைகள் கழித்தல் பழகவேண்டுமெனில், மின்னணுப் பலகையின் எண் திரையை ஒரு காகிதத்தால் மறைத்துவிடலாம்.