யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு: அமைப்பும் சமூக அடிப்படையும்

கட்டடக்கலை என்றதும் கோயில்களையும் கோட்டைகளையுமே கருதும் வழக்கம் நமது ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. மக்கள் வாழ்ந்த மனைகள் உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆயினும், ஒரு சமூகத்தின் உற்பத்தி முறையும் உறவுகளும் அதன் வீட்டமைப்பிலே துலக்கமாகப் பதிந்துள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாற்சார் வீட்டை இந்நோக்கிலே ஈண்டு ஆராய்வோம்.

நடுவே வானம் பார்த்த முற்றம், அதனைச் சூழ நாற்புறமும் சார்ப்பு இறக்கிய விறாந்தைகள், அவற்றையொட்டி அறைகள். இதுவே நாற்சாரின் அடிப்படை வடிவம். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே உட்புகும்; மாரிமழை பீலிகளில் வழிந்து அதனூடாக வெளியேறும். நெல்லும் மிளகாயும் ஒடியலும் காய்வது அங்கேதான். முற்றம் அழகுக்குரிய வெற்றிடமன்று. அது வேளாண் குடும்பத்தின் வேலைத்தளம். ஆறுகளற்ற குடாநாட்டின் நிலத்தடியிலிருந்து வெட்டிய சுண்ணக்கல்லே சுவராயிற்று. அதனைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பே சாந்தாயிற்று. வளைகளையும் சிலாகைகளையும் பனை வழங்கியது.

வீட்டின் சொற்களும் வரலாறு பேசுவன. படலை, திண்ணை, முற்றம், அடுக்களை ஆகியவை நம்மவை. விறாந்தை, யன்னல், குசினி, அலுமாரி ஆகியவை 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயரின் மொழிவழி வந்தவை. 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் கக்கூசு என்னும் சொல்லை விட்டுச் சென்றனர்.

இத்தகைய வீட்டைக் கட்ட வல்லோர் யாவர்? நிலவுடைமையாளரும், திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிப் பொருளீட்டியோரும், பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து ஓய்வூதியத்தோடு மீண்டோருமே பெரும்பாலும் அவ்வாறு கட்டினர். உழைக்கும் மக்களிற் பலருக்கு மண்சுவரும் ஓலைக்கூரையுமே வாய்த்தன. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையின்படி சீதனமாகப் பெண்வழிச் செல்லத்தக்க சொத்தாகவும் வீடு அமைந்தது.

இவ்வமைப்பின் உள்முரண்பாடு சங்கடப்படலையிலே தெளிவாகின்றது. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்கென வாயிலுக்கு மேற் கூரையிட்ட ஈகை மரபு அது. ஆனால் அதே வாயிலுக்கு அப்பால், யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. திண்ணை சிலருக்கு; உள்விறாந்தை வேறு சிலருக்கு; ஒடுக்கப்பட்டோருக்கு முன்றில் அல்லது பின்வளவு. அடிமை முறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது. சாதி காரணமாகப் பொது இடங்களில் அனுமதி மறுப்பதை 1957 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1968 இல் மாவிட்டபுரத்திலே கோயிற் கதவுகளுக்கு முன் போராட்டம் நிகழ்ந்தது. ஆயினும், தனியார் இல்லத்தின் படிக்கட்டு அச்சட்டத்துக்கு எட்டாததாகவே இருந்தது.

போரினாலும், 1995 இன் பெரும் இடப்பெயர்வினாலும், வலிகாமம் வடக்கிலே பல்லாண்டுகள் நீடித்த உயர் பாதுகாப்பு வலயத்தினாலும் இவ்வீடுகள் பல அழிந்தன. எஞ்சியவை பலவற்றின் இடத்தைச் சீமெந்து மாடிகள் கொண்டன. எஞ்சியுள்ளவற்றைப் பேணுதல் நமது கடமை. ஆனால், கல்லறுத்தவரும் சுண்ணாம்பு சுட்டவரும் மரந்தறித்தவரும் தாம் எழுப்பிய வீட்டினுள் எவ்வளவு தூரம் செல்ல முடிந்தது என்ற வினாவும் அதனோடு பேணப்படல் வேண்டும். அவ்வினா இன்றேல், நமது மரபுப் பாதுகாப்பு உடைமையாளரின் நினைவேக்கமாகவே சுருங்கிவிடும்.